கம்ப்ரஸர் எண்ணெய் விளம்பரங்கள்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஏ.சி., ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட நாங்கள், சில கோடைகளாக எங்கள் பட்டறைகளையும் வாடிக்கையாளர் வீடுகளையும் தேடிவரும் ‘சிந்தெடிக் ஆயில்’ விளம்பரங்களைக் குறித்துக் கூடி ஆலோசித்து எடுத்த முடிவைப் பகிரங்கமாகத் தெரிவித்துக்கொள்கிறோம். கம்ப்ரஸரில் தம் எண்ணெயை ஊற்றினால் மின்சாரம் 30 சதவிகிதம் மிச்சமாகும், யந்திரத்தின் ஆயுள் இரட்டிப்பாகும் என்று சொல்லுகிறவர் அதை அளந்து காட்டக் கடமைப்பட்டவர். அவ்வாறு காட்டும்வரையில் அந்த எண்ணெயை நாங்கள் ஊற்றவும் மாட்டோம், சிபாரிசு செய்யவும் மாட்டோம்.

செயற்கை எண்ணெயின்மீது எங்களுக்குத் துவேஷம் ஏதுமில்லை. ஆர்-12, ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுக்கள் வழங்கிய காலத்தில் கனிம எண்ணெயே போதுமானதாக இருந்தது. 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையை அடுத்து, ஓசோன் படலத்தைக் காக்கும்பொருட்டுக் குளோரின் இல்லாத வாயுக்கள் வந்தபோது, அவற்றோடு கனிம எண்ணெய் கலவாமல் குழாய்களிலேயே தங்கிவிட்டபடியால், ஆர்-410ஏ, ஆர்-32 ஏ.சி.களுக்குப் பெரும்பாலும் பி.ஓ.இ. எண்ணெயும், கார் ஏ.சி.யின் ஆர்-134ஏ வாயுவுக்குப் பி.ஏ.ஜி. எண்ணெயும் ஆகிய செயற்கை எண்ணெய்கள் அவசியமாயின. ஆகவே ‘சிந்தெடிக்’ என்பது விசேஷ குணம் ஒன்றின் பெயரன்று. இன்று கடையில் வாங்கும் ஆர்-32 ஏ.சி.க்குள் தொழிற்சாலையிலேயே நிரப்பியிருப்பது செயற்கை எண்ணெய்தான்.

மிச்சம் என்று காட்டப்படுவது எங்கிருந்து வருகிறது என்பதை நாங்கள் நேரில் கண்டிருக்கிறோம். அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் கிளப்பும் வெண்புழுதி, வெளியூனிட்டின் அலுமினியத் தகடுகளில் படிந்து, தூறலில் நனைந்து, வெயிலில் காய்ந்து, நகத்தால் சுரண்டினாலும் பெயராத ஓடாக இறுகிவிடுகிறது. எண்ணெய் ஊற்ற வருகிறவர் முதலில் அந்த ஓட்டைப் பம்பு வைத்துக் கழுவுகிறார். ஃபில்டரைச் சுத்தம் செய்கிறார். குறைந்திருக்கும் கேஸை நிரப்புகிறார். கடைசியில் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் இறங்கியிருப்பதைக் காட்டி, அந்தப் பெருமை முழுவதையும் எண்ணெய்க்கே சேர்த்துவிடுகிறார். வேறு சிலர் கோடையின் இருமாத மின்கட்டணத்தையும் அதற்கடுத்த கட்டணத்தையும் அருகருகே வைத்துக் காட்டுகிறார்கள். மழை பெய்து உஷ்ணம் தணிந்ததும், பள்ளி திறந்து பிள்ளைகள் பகலில் வீட்டில் இல்லாததும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

மேசைமேல் சுழலும் சக்கரத்தில் இரும்புத் துண்டை அழுத்தித் தேய்மானம் காட்டும் பரீட்சையையும் நாங்கள் ஏற்பதற்கில்லை. அங்கே கேஸ் இல்லை, எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருளும் இல்லை, காப்புத் தாளும் இல்லை. கம்ப்ரஸருக்குள்ளோ எண்ணெய் கேஸோடு கலந்து மெலிந்து, கொதிக்கும் வால்வுகளின் அருகே வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும். மேசையில் எண்ணெயை ஜெயிக்கச் செய்ய அதில் சேர்க்கும் குளோரின் கலவை, கம்ப்ரஸருக்குள் அமிலமாக மாறக்கூடியது. எண்ணெயையும் கேஸையும் இரும்பு, செம்பு, அலுமினியத் துண்டுகளோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து, வழக்கமாக 175 டிகிரி செல்சியஸில் 14 நாள் சூடேற்றிப் பார்க்கும் ஆஷ்ரே 97 என்ற பரீட்சை உண்டு. அதன் அறிக்கையைக் கொண்டுவருகிறவரோடு உட்கார்ந்து பேச நாங்கள் சித்தமாயிருக்கிறோம்.

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் டக்ட் ஏ.சி. கம்ப்ரஸரை எங்கள் அங்கத்தினர் ஒருவர் அறுத்துப் பார்த்தார். இரும்புத் தண்டின்மேல் செம்பு பூசியதுபோல் படர்ந்திருந்தது. எண்ணெய் கறுத்து, புளிப்பு நெடி வீசியது. முந்திய ஐப்பசி மழையில், பாதி காலியான பிளாஸ்டிக் கேனிலிருந்து அதில் ‘உயர்ரக’ எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது. பி.ஓ.இ. எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. பிளாஸ்டிக்கின் சுவரும் அதற்குத் தடையாகாது. உறிஞ்சிய நீர் சூட்டில் எண்ணெயையே சிதைத்து அமிலத்தை உண்டாக்கும். பிறகு வாக்குவம் பம்பு எத்தனை நேரம் ஓடினாலும் அந்த ஈரத்தை முழுதும் எடுப்பது கடினம். திறந்த டப்பாவைப் பாலிதீன் கட்டி மறுநாளைக்கு வைக்கும் வழக்கம் எங்களிடையிலும் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லுகிறோம். இனி உலோக டப்பாவை வேலை நடக்கும் இடத்தில்தான் திறப்போம், மீந்ததை ஏ.சி.யில் ஊற்றமாட்டோம்.

நாங்கள் கேட்பது அதிகமன்று. யந்திரத்தை முதலில் கழுவி, கேஸைச் சரிபார்த்து, யூனிட் மீட்டர் பொருத்தி ஓட்டுங்கள். பிறகு எண்ணெயை மட்டும் மாற்றி, அதே வெளி உஷ்ணத்தில், அதே அறையில் மறுபடி ஓட்டுங்கள். குளிர்ச்சி குறையாமல் யூனிட் குறைந்தால் ஒப்புக்கொள்வோம். கம்ப்ரஸர் செய்த கம்பெனி அந்த எண்ணெயை அனுமதிக்கும் கடிதமும் வேண்டும். வீட்டு ஏ.சி.யின் கம்ப்ரஸரோ பற்றவைத்து மூடப்பட்டது. அதில் எண்ணெய் வடிக்கும் திருகே கிடையாது. பழுதில்லாத வீட்டு ஏ.சி.க்கு எண்ணெய் மாற்ற எவரும் பணம் செலவிட வேண்டியதில்லை.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. ஏமாந்தவர்கள் பில்லையும், காலி டப்பாவையும், விளம்பரத் தாளையும் எறிந்துவிடாமல் எங்களிடம் கொண்டுவந்தால், யந்திரத்தைச் சோதித்து, கண்டதைக் கண்டபடி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்போம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அதற்குச் சாட்சியாக வந்து நிற்போம்.