எங்கே நிற்கப்போகிறது எஃகு?

மாணவர்களே, லிட்டில் இந்தியா கடைகளில் மின்னும் எவர்சில்வர் பாத்திரமும் மரினா பே ஹீலிக்ஸ் பாலமும் துருப்பிடிக்கா எஃகுதான், ரகம்தான் வேறு.

எஃகிலுள்ள குரோமியம் ஆக்சிஜனுடன் சேர்ந்து மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்குகிறது. கடற்காற்று கொண்டுவரும் உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைக்கும். பாத்திரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் 304 ரகத்தில் சுமார் 18% குரோமியம் உண்டு, மாலிப்டினம் சேர்ப்பதில்லை. 2010ல் திறக்கப்பட்ட, 280 மீட்டர் நீளமுள்ள ஹீலிக்ஸ் பாலத்துக்கு 2205 என்ற டூப்ளெக்ஸ் ரகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் சுமார் 22% குரோமியமும் 3% மாலிப்டினமும் உள்ளன. வலிமையும் ஏறத்தாழ இருமடங்கு என்பதால் குறைந்த எஃகே போதும்.

2205இன் விலை அதிகம்தான். ஆனாலும், கடலோரக் கட்டுமானத்தில் கிலோ விலையை மட்டும் பார்ப்பது சிக்கனமல்ல என்பேன். பல ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் கூட்டிப் பாருங்கள். அதேபோல, சாதாரண சமையல் பாத்திரத்துக்கு 2205 தேவையில்லை. பொருள் நிற்கப்போகும் இடத்தை அறிந்த பிறகே ரகத்தை முடிவுசெய்யுங்கள்.