தொப்பியின் உள்பக்கம்

போன மாதம் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான்.

"ஐயா, எங்க தாத்தாவோட தொப்பி. உள்ளே ஏதோ பிரெஞ்சுல எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க. அப்படியே புதுசு மாதிரி ஆக்கியும் கொடுங்க. அண்ணன் கல்யாண ரிசப்ஷன்ல போட்டுக்கிட்டு போட்டோ எடுக்கணும்" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பி. கையில் எடுத்ததுமே கனம் தெரியாத லேசு, முயல் ரோமம். உள்தோலில் தங்க எழுத்து பாதி தேய்ந்திருந்தது. 'கலித்தே சுப்பெரியர்', அதாவது முதல் தரம். படித்துச் சொன்னேன். "சுத்தம் செய்து தருகிறேன். புதுசு மாதிரி ஆக்கித் தர மாட்டேன்" என்றேன். பையன் முகம் வாடிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

நான் ரிட்டயர் ஆன பிறகு பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், வீடு இடிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களிலும் தேடித்தேடி இதுவரை இருபத்து மூன்று தொப்பி சேர்த்திருக்கிறேன். புதுச்சேரியில் ஃபெல்ட் தொப்பியா, இந்த வெயிலுக்கா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சைகோனில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். காலிலும் தலையிலும் என்ன போடுகிறோம் என்பது இங்கே சின்ன விஷயமாக இருந்ததில்லை. 1873-ல் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்ததை நீதிபதி ஆட்சேபிக்க, அந்த வழக்கு பாரிஸ் வரை போய் அவர் ஜெயித்தார். நம் பெரியவர்கள் தொப்பி போட்டதும் வேஷத்துக்காக அல்ல.

ஃபெல்ட் என்பது நெய்த துணி இல்லை. அதில் பாவும் கிடையாது, ஊடும் கிடையாது. ரோமத்தை வெந்நீரிலும் ஆவியிலும் காட்டி, அழுத்தி அழுத்தி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்வது. பிரான்சில் லியோனுக்குப் பக்கத்தில் ஷசெல் என்ற ஊர் முயல் ரோமத் தொப்பிக்குப் பெயர் போனது. தெற்கே எஸ்பெராசாவில் ஆட்டு ரோமத்தில் செய்தார்கள். இரண்டு ஊரிலும் இன்று தொப்பி மியூசியம் இருக்கிறது. இத்தாலியில் பொர்சலீனோ கம்பெனி 1857-ல் தொடங்கியது.

முயல் ரோமம் நன்றாகப் பின்னிக்கொள்ள வேண்டும் என்று அந்தக் காலத்தில் பாதரச உப்பைத் தடவுவார்கள். அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுக்கமும் புத்தித் தடுமாற்றமும் வந்தன. மிகப் பழைய தொப்பிகளில் அது இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கலாம். ஆகவே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சுத்தம் செய்வது கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். மென்மையான பிரஷால் ரோமம் படிந்திருக்கும் போக்கிலேயே சுற்றிச் சுற்றித் தூசு தட்ட வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் சோளமாவைத் தூவி ஓர் இரவு விட்டு, மறுநாள் தட்டிவிட வேண்டும். நசுங்கிய தொப்பியைக் கெட்டில் ஆவியில் காட்டினால் ஃபெல்ட் இளகும். விரலால் குழிவைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் ஆவி உள்தோலில் படக்கூடாது. பட்டால் தோல் சுருங்கி, தொப்பியையும் சேர்த்து இழுத்துவிடும். ஓட்டை போடுவது பறக்கிற அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. தொப்பியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் புழு செத்துவிடும். முதல் தடவை, மீன் வைக்கிற இடத்தில் தொப்பியா என்று என் மனைவி போட்ட சத்தம் கடற்கரை வரை கேட்டிருக்கும்.

இதுவரைக்கும் சரி. இதற்கு மேல் போகக்கூடாது என்பதுதான் என் கட்சி. இப்போது பழைய தொப்பி வாங்குகிறவர்கள் உள்தோலை உரித்துப் புதுத் தோல் தைக்கிறார்கள், ரிப்பனை மாற்றுகிறார்கள், சாயம் ஏற்றுகிறார்கள். கண்ணாடி அலமாரியில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது யாருடைய தொப்பி?

இதை உபதேசமாகச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நான் முதன்முதலில் கை வைத்தது என் அப்பாவின் தொப்பியில்தான். சைகோனில் குமாஸ்தாவாக இருந்தபோது வாங்கிய பழுப்பு நிறத் தொப்பி. அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்தது. உள்தோல் வியர்வையில் கறுத்து, ஓரம் விரிசல் விட்டு, பார்க்க அசிங்கமாக இருந்தது. அதில் அவர் பெயரின் இரண்டு எழுத்துகள் துளையிட்டிருந்தன. தோலுக்குப் பின்னால் மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்று செருகியிருந்தது. அப்பாவுக்குத் தலை சிறியது, தொப்பி இறுக்கமாக நிற்க அப்படிச் செய்திருக்கிறார். நான் தோலை உரித்து எறிந்தேன். காகிதத்தையும் எறிந்தேன். ஊரார் தொப்பிக்குள் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்கிறவன், அதில் என்ன அச்சாகியிருந்தது என்று பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நல்ல ஆட்டுத்தோல் வைத்துத் தைத்து வாங்கினேன்.

பெருமையாக அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பி உள்ளே முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு, "நல்லா இருக்குடா" என்று சொல்லி மேஜைமேல் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தத் தொப்பியைக் கேட்டதே இல்லை.

ஒரு தொப்பியின் வெளிப்பக்கம் தொழிற்சாலை செய்தது. அதேபோல் ஆயிரம் தொப்பி இருக்கும். உள்பக்கம் மட்டும்தான் போட்டவருடையது. பழுது பார்க்கிறேன் என்று முதலில் நாம் பிய்த்து எறிவது அதைத்தான்.

அடுத்தவர் வியர்வை படிந்ததைத் தலையில் வைப்பதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போட்டுக்கொள்ள வேண்டுமானால் மெல்லிய பருத்தித் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எடுத்துவிடலாம். தோல் பொடிப்பொடியாக உதிர்கிறது, மாற்றியே ஆகவேண்டும் என்றால் மாற்றுங்கள். எடுத்த தோலையும், பின்னால் இருந்த சீட்டையும் ஒரு காகித உறையில் போட்டு, இது யாருடையது, எந்த ஊரில் வாங்கியது என்று எழுதித் தொப்பியோடு வையுங்கள். ஆபீசில் பழைய ஃபைலைக் கிழிக்காமல் புது ஃபைலோடு கட்டி வைப்போமே, அது மாதிரி. திரும்பச் சேர்க்க முடியாத எதையும் செய்யாதீர்கள்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். "வீட்டில் கேட்டுட்டு வரேன்யா" என்று போனவன் இரண்டு நாள் கழித்து வந்தான். "உள்ளே எதையும் தொட வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றான். தூசு தட்டி, குழிவைச் சரிசெய்து, விளிம்பை நிமிர்த்திக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். இறக்கிப் பாருங்கள். எடுக்கும்போது மேல் குழிவைக் கிள்ளித் தூக்காதீர்கள், விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். ஆணியில் மாட்டாதீர்கள், மேஜைமேல் கவிழ்த்து வைக்காமல் மல்லாத்தி வையுங்கள். பிரஷை எடுப்பதற்கு முன்னால் உள்தோலை மெதுவாக விலக்கி, பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இருந்தால் பிரித்துப் படியுங்கள்.