வெள்ளைப் பந்து எங்கே போச்சு?



ஸ்னூக்கர் என்றதும் சிலர் முகம் சுளிப்பீர்கள். "சினிமாவில் வில்லன் ஆடுவானே, அதுதானே?" என்பீர்கள். எங்க வீட்டிலும் அதே பேச்சுதான். ஆனால் அந்த மேஜையில் நமக்கெல்லாம் ஒரு பாடம் இருக்கிறது என்பது என் கருத்து.

என் தாய்மாமா ஒரு கிளப்பில் மார்க்கர். கோடை விடுமுறையில், உறுப்பினர்கள் வருவதற்கு முன்னால், மேஜைத் துணியை அவர் பிரஷ் போடும்போது நானும் கூடப் போவேன். அரை மணி நேரம் ஆட விடுவார். ஒருநாள் மூலைக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பை ஓங்கி அடித்தேன். டொக்கென்று குழியில் விழுந்தது. நான் குதித்தேன். மாமா சிரிக்கவே இல்லை. "மாப்ளே, சிவப்பு போச்சு, சரி. வெள்ளை எங்கே போச்சு?" என்றார். பார்த்தால் வெள்ளையும் இன்னொரு குழிக்குள்ளே! அது ஃபவுல். எதிராளிக்கு 4 புள்ளி.

நாமெல்லாம் கேரம் ஆடிப் பழகியவர்கள். காய் விழுந்தால் ஸ்ட்ரைக்கர் கைக்கு வந்துவிடும். கோட்டில் வசதியான இடத்தில் வைத்து மறுபடி அடிக்கலாம். ஸ்னூக்கரில் அந்தச் சலுகை கிடையாது. வெள்ளை எங்கே நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. அதனால் பந்தைப் போடுவது பாதி வேலை, வெள்ளையை நிறுத்துவது மீதி வேலை.

எப்படி நிறுத்துவது? எதிரே நேராக, பக்கத்தில் ஒரு பந்து இருக்கிறது. வெள்ளையின் நடுவில் அழுத்தி அடித்தால், மோதிய இடத்திலேயே நின்றுவிடும். சம நிறையுள்ள இரண்டு பொருள்கள் மீட்சி மோதலில் திசைவேகத்தை மாற்றிக்கொள்ளும் என்று பிளஸ் ஒன் இயற்பியலில் படிக்கிறோமே, அதேதான்! நடுவுக்குக் கீழே அடித்தால் பின்பக்கமாகச் சுழன்று, மோதியதும் நம்ம பக்கமே திரும்பி வரும். மேலே அடித்தால் மோதிய பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து தூரத்தில் இருந்தால் துணியின் உராய்வில் பின்சுழற்சி வழியிலேயே கரைந்துவிடும். அதற்கும் கணக்குப் போட வேண்டும். குச்சி முனையில் சாக் தேய்ப்பதும் ஸ்டைலுக்கு இல்லை, முனை வழுக்காமல் இருக்கத்தான்.

15 சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு கறுப்பு, கடைசியில் 6 வண்ணப் பந்துகள். இந்த 36 பந்துகளையும் தவறாமல் போட்டால் 147 புள்ளி. 1997 உலக சாம்பியன்ஷிப்பில் ரோனி ஓ'சலிவன் இதை 5 நிமிடம் 8 விநாடியில் முடித்தார். அந்த வேகத்திலும் 35 தடவை வெள்ளையை அடுத்த அடிக்குத் தோதாகக் கொண்டுவந்திருக்கிறார் பாருங்கள்!

இது நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டமும் இல்லை. 1875-ல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் அதிகாரிகளிடையே பிறந்தது. 1880-களில் நம்ம ஊட்டி கிளப்பில் இதன் விதிகள் எழுதி வைக்கப்பட்டன. 2025 நவம்பரில் தோகாவில் ஐ.பி.எஸ்.எஃப். உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டம் வென்ற அனுபமா ராமச்சந்திரன் சென்னைப் பெண்தான்.

இனி என் கதை. பத்தாம் வகுப்புக் கணக்கை நான் மனப்பாடம் பண்ணியே எழுதினேன். நல்ல மார்க். வீட்டில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். இப்போது பிளஸ் ஒன்னில் முக்கோணவியல் நடத்தும்போது முழிக்கிறேன். சிவப்பு விழுந்துவிட்டது; வெள்ளை மாட்டிக்கொண்டது.

நண்பர்களே, மார்க் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிவப்பைப் போடாமல் ஆட்டமே இல்லை. ஆனால் பேப்பர் திருத்தி வந்ததும் "எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "அடுத்த பாடம் இதிலிருந்து புரியுமா?" என்றும் நம்மையே கேட்போம். ஆசிரியர்களும் எங்களை அப்படிக் கேட்டால் நல்லது. முதலில் என்னைக் கேளுங்கள்!

- பிளஸ் ஒன் 'ஆ' பிரிவு மாணவன்