சலுகை அல்ல, சட்டம் வேண்டும்!

'சமூகத் தொழில் நிறுவனம்' என்ற சொல் இன்று பெரிய இடங்களில் நன்றாக அடிபடுகிறது. லாபமும் வரவேண்டும், சமூகத்துக்கு நன்மையும் நடக்கவேண்டும் என்கிறார்கள். நல்லது, வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? இத்தகைய நிறுவனங்கள் பணம் திரட்டுவதற்கென்று சமூகப் பங்குச் சந்தை ஒன்றை ஏற்படுத்தப் போவதாக 2019 ஜூலையில் மத்திய பட்ஜெட் அறிவித்தது. 2022 ஜூலையில் செபி அதற்கான விதிகளை வகுத்தது. சமூக நலனே தன் முதல் நோக்கம் என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும் என்பது அந்த விதிகளின் சாரம்.

நோக்கத்தைக் கேட்கிறார்கள். சரி. ஆனால் தொழிலாளியின் கேள்வி வேறு. உடைமை யாருக்கு? கணக்குப் புத்தகம் யார் கையில்? நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது யார்? நஷ்டம் வந்தால் முதலில் வெளியே தள்ளப்படுவது யார்? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்லாத நிறுவனம், எவ்வளவு நல்ல எண்ணம் கொண்டிருந்தாலும், தருமம் செய்கிற முதலாளிதான். தருமத்தை முதலாளி நினைத்தால் நிறுத்தலாம். உரிமையை அப்படி நிறுத்த முடியாது.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிய ஒரு ஸ்தாபனம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலைக்கு அந்தப்புறம், கண்ணூரில். கேரள தினேஷ் பீடி!

அது எப்படிப் பிறந்தது என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பீடித் தொழிலாளிக்கென்று 1966-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேலை நேரத்துக்கு வரம்பு, சம்பளத்துடன் லீவு, பெண்களுக்குப் பிரசவ கால உதவி, லைசென்ஸ் பெற்ற பட்டறை ஆகியவை அதில் இருந்தன. அதைவிட முக்கியம், கண்ட்ராக்டர் வைத்த தொழிலாளிக்கும் அசல் முதலாளியே பொறுப்பு என்றது அந்தச் சட்டம். சட்டம் காகிதத்தில் இருந்த வரையில் முதலாளிகளுக்குக் கவலையில்லை. 1967-ல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த கேரள அமைச்சரவை, 'சட்டம் சட்டம்தான், அமுல் செய்' என்றது. அப்போதுதான் முதலாளிகளுக்கு வயிறு எரிந்தது.

என்ன செய்தார்கள்? 1968 அக்டோபரில் மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய பீடிக் கம்பெனிகள் கண்ணூர்ப் பகுதியில் தங்கள் பட்டறைகளை இழுத்து மூடின. சுமார் 12,000 தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். 'சட்டம் பேசினீர்கள் அல்லவா? இனிச் சட்டத்தையே சாப்பிடுங்கள்!' என்பதுதான் அந்தக் கதவடைப்பின் பொருள். பட்டினி தாங்காமல், 'சட்டமே வேண்டாம், வேலை கொடுங்கள்' என்று தொழிலாளி காலில் வந்து விழுவான் என்று எதிர்பார்த்தார்கள்.

தொழிலாளி விழவில்லை. 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடித் தொழிலாளர் மத்தியக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. சர்க்கார் மூலதன உதவி தந்தது. பொறுப்பேற்று நடத்த ஜி.கே.பணிக்கர் என்ற திறமையுள்ள அதிகாரியையும் தந்தது. ஆனால் சங்கத்தைத் தன் இலாகாவாக ஆக்கிக்கொள்ளவில்லை. அடிப்படைச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களைத் தொழிலாளர்களே, தொழிலாளர்களிலிருந்தே, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறத்தாழ 3,000 பேருடன் தொடங்கிய ஸ்தாபனம், 1990-களின் நடுவில் 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சோறு போட்டது.

சோறு மட்டுமா? குறைந்தபட்சக் கூலி, பஞ்சப்படி, போனஸ், பிராவிடெண்ட் பண்டு, கிராஜுவிட்டி, பிரசவ கால லீவு எல்லாம் கிடைத்தன. எந்தச் சட்டத்தை அமுல் செய்தால் தொழிலே அழிந்துவிடும் என்று முதலாளிகள் ஓலமிட்டார்களோ, அதே சட்டத்தை அட்சரம் பிசகாமல் அமுல் செய்து காட்டினார்கள் பீடி சுற்றுகிற தொழிலாளர்கள். செய்ததோடு நில்லாமல் லாபமும் காட்டினார்கள்! பட்டறையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்கள். படித்தவருக்குக் குறைந்த கூலியை ஈடு செய்யத் தாங்கள் சுற்றியதில் பங்கு தருவார்கள். கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்களின் இந்தப் பழைய வழக்கம் கூட்டுறவின் பட்டறைகளிலும் தொடர்ந்தது.

இது தனி அதிசயமல்ல. 1957-ல் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, தோழர் ஏ.கே.கோபாலனின் முயற்சியில் வேலையிழந்த ஊழியர்களே கூட்டுறவு அமைத்தார்கள். இந்தியன் காபி ஹவுஸ் இன்றும் நடக்கிறது. வடகரைக்கு அருகே ஊராளுங்கல் என்ற ஊரில் 1925-ல் கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய ஒப்பந்த வேலைக் கூட்டுறவு, நூற்றாண்டைக் கடந்து சாலைகளும் பாலங்களும் கட்டிக்கொண்டிருக்கிறது. தொழிலாளிக்கு நிர்வாகம் தெரியாது என்று இனி எவராவது சொன்னால், இந்த மூன்று பெயர்களையும் சொல்லுங்கள். போதும்.

இவ்வளவு சிறப்பாக நடந்த தினேஷ் பீடி இன்று எந்த நிலையில் இருக்கிறது? பழைய அளவில் ஒரு சிறு பகுதிதான் மிச்சம். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெற்றியை மட்டும் பாடிவிட்டுப் போவது பஜனை மடத்து வேலை; அரசியல் வேலையல்ல.

ஏன் சுருங்கியது? ஊழலா? இல்லை. சோம்பலா? இல்லை. இரண்டு காரணங்கள் உண்டு.

முதற்காரணம், பக்கத்து வீட்டில் சட்டம் இல்லை! கண்ணூரில் பட்டறையை மூடிய முதலாளி தொழிலை விட்டுவிடவில்லை. இலையையும் தூளையும் கண்ட்ராக்டர் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். கர்நாடகத்திலும் நம் தமிழ்நாட்டிலும் இலட்சக்கணக்கான பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுகிறார்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதிலும் கழிவு என்று ஒரு பகுதி போய்விடும். கொடுத்த இலை போதாவிட்டால் சொந்தக் காசில் வாங்கி ஈடு கட்ட வேண்டும். பி.எப். கணக்கில் பெயர் இல்லாத பெண்கள் எத்தனை பேர் என்பது கண்ட்ராக்டருக்கு மட்டுமே தெரியும்.

இந்தப் பீடியும் தினேஷ் பீடியும் ஒரே பெட்டிக்கடையில் ஒரே தட்டில் இருக்கின்றன. ஒரு கட்டில் பிராவிடெண்ட் பண்டும் போனசும் பிரசவ லீவும் சேர்ந்திருக்கின்றன. மற்றக் கட்டில் அவை இல்லை. எது விலை குறைவாக இருக்கும்? சட்டத்தை மதித்தவன் விலை கூடிப்போய் நிற்கிறான். சட்டத்தை ஏய்த்தவன் சந்தையைப் பிடிக்கிறான். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சுதந்திரப் போட்டி! ஒருவன் காலில் கல்லைக் கட்டிவிட்டு, இன்னொருவனுக்குக் குதிரையைக் கொடுத்து, 'ஓடுங்கள், திறமையுள்ளவன் ஜெயிக்கட்டும்' என்பது எந்த ஊர்ப் போட்டி?

1966 சட்டம் செல்லாது என்று முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1974-ல் கோர்ட் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே குறை சட்டத்தில் இல்லை. அமுல் செய்வதில்தான் குறை. இப்போது அந்தச் சட்டமே தனியாக இல்லை. 2020-ல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 1966 சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றாக விழுங்கிவிட்டது. 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்தது. புதிய தொகுப்பில் பீடிக்கென்று சில பிரிவுகள் உண்டு. ஆனால் இன்ஸ்பெக்டருக்குப் புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அவர் இனி ஆய்வாளர் மட்டுமல்ல; 'வசதி செய்து தருபவரும்' ஆவாராம். யாருக்கு வசதி என்பதைத் திண்ணையில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் தாயிடம் கேளுங்கள்.

இரண்டாவது காரணம் புகையிலையே. இதில் ஒளிவு மறைவு வேண்டாம். புகையிலை உயிரைக் குடிக்கும் பொருள். குடிப்பவன் உழைப்பாளி; சுற்றுகிறவளும் உழைப்பாளி. தூளின் நெடி அவள் நெஞ்சிலும் இறங்குகிறது. 2003-ல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. பீடி குறையட்டும். ஆனால் பீடி குறையும்போது பீடி சுற்றியவளின் அடுப்பு அணைய வேண்டுமா? பொதுச் சுகாதாரத்தின் செலவை நாட்டிலேயே ஏழையான தொழிலாளியின் தலையில் மட்டும் சுமத்துவது எந்த நியாயம்?

தினேஷ் தொழிலாளர்கள் இதை மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்தார்கள். 1990-களின் பிற்பகுதியிலேயே மசாலாப் பொடி, ஊறுகாய், தேங்காய்ப் பால், குடை, ஆயத்த ஆடை, கம்ப்யூட்டர் வேலை என்று புதிய துறைகளில் இறங்கினார்கள். தனி முதலாளியாக இருந்தால் கணக்குத் தீர்த்துக் கதவைச் சாத்தியிருப்பார். கூட்டுறவு தன் உறுப்பினருக்கு வேறு வேலை தேடியது. ஆனால் பீடியில் வேலை பார்த்த அத்தனை பேரையும் குடையும் ஊறுகாயும் தாங்கிவிட முடியாது. அங்கேதான் சர்க்காரின் கை தேவைப்பட்டது.

சர்க்காரின் கை என்ன செய்தது? பீடிக் கட்டுகள் மீது ஒரு சிறு வரி விதித்து, அதைக் கொண்டு பீடித் தொழிலாளர் நல நிதி நடத்த 1976-ல் சட்டம் செய்திருந்தார்கள். ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித் தொகை, வீடு கட்ட உதவி எல்லாம் அதிலிருந்து வந்தன. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த நல வரி ஒழிக்கப்பட்டது. பீடியோ 28 சதவீத வரிப்பட்டியலில் ஏற்றப்பட்டது. தொழிலாளிக்கென்று எழுதி வைத்த காசு போயிற்று. பொதுக் கஜானாவுக்குப் போகும் காசு கூடிற்று! அன்று முதல் நல நிதி, பட்ஜெட்டில் ஒதுக்குவதைப் பார்த்துக் கை நீட்டி நிற்கிறது.

ஆகவேதான் சொல்கிறோம். தொழிலாளர் உடைமையான ஸ்தாபனம் கேட்பது சலுகை அல்ல. விருது அல்ல. பங்குச் சந்தையில் ஒரு மூலையும் அல்ல. அது கேட்பது இதுதான்: 'எனக்குள்ள சட்டம் என் போட்டியாளனுக்கும் இருக்கட்டும்!' நூறு கோடி மானியத்தைவிட, கண்ட்ராக்டரின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் ஒரு நேர்மையான இன்ஸ்பெக்டர் அதற்குப் பெரிய உதவி.

இதிலிருந்து நமது கோரிக்கைகள் பிறக்கின்றன.

பீடி சுற்றும் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டையும் பி.எப். கணக்கும் வேண்டும். கண்ட்ராக்டர் பெயரைச் சொல்லி அசல் கம்பெனி தப்பக் கூடாது. பக்கத்துப் பக்கத்து மாநிலங்களுக்கிடையே கூலியில் மலையும் மடுவுமான வித்தியாசம் இருக்கும்வரை முதலாளி எல்லை தாண்டி ஓடிக்கொண்டே இருப்பார். ஆகவே பீடிக் கூலிக்கு நாடு முழுவதற்கும் வாழத் தகுந்த ஓர் அடித்தளம் வேண்டும்.

புகையிலையிலிருந்து வசூலாகும் வரியில் ஒரு பங்கு, புகையிலைத் தொழிலை விட்டு வெளியேறும் தொழிலாளிக்கு மாற்று வேலை தருவதற்கென்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

சர்க்கார் எப்படியும் வாங்கியே தீரும் பொருள்களைத் தொழிலாளர் கூட்டுறவுகளிடம் வாங்க வேண்டும். இது நடக்காத காரியமல்ல. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. பொங்கலுக்குத் தரும் இலவச வேட்டி சேலை நெசவாளர் கூட்டுறவுகளுக்கு வேலை தருகிறது. இதே வழியை மாணவர் விடுதிகளின் மசாலாப் பொடிக்கும், ஆஸ்பத்திரிகளின் துணிமணிக்கும் விரிக்க என்ன தடை?

கடைசியாக, கூட்டுறவில் தேர்தல் தவறாமல் நடக்க வேண்டும். தேர்தலைத் தள்ளிப் போட்டுத் தனி அலுவலரை நாற்காலியில் உட்கார வைத்தால் அது கூட்டுறவல்ல. இன்னொரு சர்க்கார் ஆபீஸ். உறுப்பினர் கணக்குக் கேட்க முடியாத சங்கத்தில் கள்ளக் கணக்கு முளைக்கும். பிறகு அதையே காட்டி, 'பார்த்தீர்களா, கூட்டுறவு உருப்படாது' என்று முதலாளிப் பத்திரிகைகள் எழுதும்.

இவையெல்லாம் கோட்டையிலிருந்து தானாக இறங்கி வருமா? வராது. 1966 சட்டமும் தானாக வந்ததல்ல; தினேஷும் தானாக வந்ததல்ல. கிளைத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்களின் பட்டியலை எழுதுங்கள். யாரிடம் இலை வாங்குகிறார்கள், ஆயிரத்துக்கு என்ன கூலி, கழிவு எவ்வளவு, பி.எப். உண்டா இல்லையா என்று குறியுங்கள். அந்தப் பட்டியலோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். ஒருவராகப் போகாதீர்கள், அந்தப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

'சட்டத்தையே சாப்பிடுங்கள்' என்று சொல்லிப் பட்டறையை மூடினார்கள் அன்றைய முதலாளிகள். அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டே இரண்டு தலைமுறைக்குச் சோறு சமைத்துக் காட்டினார்கள் கண்ணூர்த் தொழிலாளர்கள். அவர்களால் முடிந்தது. அதே சட்டம் எல்லார் வாசலிலும் ஏறினால், திருநெல்வேலித் திண்ணையிலும் முடியும்!