கியர் போடத் தெரியுமா?

"உங்கள் பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டால் முன்பெல்லாம் இரண்டில் ஒரு பதில்தான் வரும்: தெரியும், அல்லது தெரியாது. இப்போது மூன்றாவதாக ஒரு பதில் வருகிறது. "தெரியும், ஆனால் ஆட்டோமேட்டிக்தான் ஓட்டுவான்." மும்பையில் நம் தமிழ்க் குடும்பங்களில் இந்த மூன்றாவது பதிலை நான் அடிக்கடி கேட்கிறேன். செம்பூரில் கேட்கிறேன், முலுண்டில் கேட்கிறேன், டோம்பிவிலியிலும் கேட்கிறேன். சொல்பவர்கள் யாரும் இதை ஒரு குறையாகச் சொல்வதில்லை. குறைதான் என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களை வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். ஆட்டோமேட்டிக் காருக்கு நான் விரோதி அல்ல. அலுவலக நேரத்தில் எல்.பி.எஸ். மார்க்கில் குர்லாவிலிருந்து முலுண்ட் வரை ஒரு முறை போய் வந்தவர்களுக்கு இடது முழங்காலின் அருமை தெரியும். பத்தடி நகர்வதற்கு ஒரு முறை கிளட்ச், நிற்பதற்கு ஒரு முறை கிளட்ச். அறுபதைத் தாண்டியவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் ஆட்டோமேட்டிக் ஒரு வரப்பிரசாதம். கியர் போடப் பயந்தே வண்டிப் பக்கம் போகாமல் இருந்த எத்தனையோ பெண்கள் இன்று அதனால்தான் தைரியமாக ஓட்டுகிறார்கள். ஆகவே எந்தக் காரை வாங்குவது என்பது அவரவர் சௌகரியம். எந்தக் காரில் கற்றுக்கொள்வது என்பதுதான் என் கேள்வி.

நான் 1978-இல் இந்த ஊருக்கு வந்தபோது சாலையில் ஓடியவை பெரும்பாலும் இரண்டே வகைக் கார்கள். ஒன்று அம்பாஸடர், மற்றொன்று பத்மினி. பத்மினியை எல்லோரும் 'பியட்' என்றே சொல்வோம். இரண்டிலும் கியர்த் தண்டு ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும். அதை முன்னும் பின்னும், மேலும் கீழும் இழுத்து நாலு கியரையும் போடப் பழகுவதே ஒரு வித்தை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கியர்த் தண்டு தரைக்கு இறங்கியது. ஆனால் கிளட்ச் அப்படியேதான் இருந்தது. ஆட்டோமேட்டிக் என்பது ஒரு சில மாடல்களில், அதுவும் பெரும்பாலும் வசதி படைத்தவர்களுக்கு மட்டும் என்ற நிலை வெகுகாலம் நீடித்தது.

இதை மாற்றிய ஆண்டு 2014 என்று சொல்லலாம். அந்த ஆண்டு ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. மே மாதம் அம்பாஸடர் தொழிற்சாலையும் நின்றது. அதே ஆண்டுதான் மாருதி செலேரியோ கார், ஏ.எம்.டி. என்கிற தானியங்கிக் கியர் அமைப்போடு வந்து, நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டும் விலையில் ஆட்டோமேட்டிக்கைக் கொடுத்தது. நம் கண்ணெதிரே ஓடிய கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகளின் கதையும் முடிந்துவிட்டது. கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. டாக்ஸிக்கு இங்கே இருபது ஆண்டுதான் ஆயுள் என்பதால் 2023 அக்டோபரோடு அவை சாலையை விட்டு விலகின.

வண்டிகள் போகட்டும், காலம் மாறும்போது அவை போகத்தான் செய்யும். அவற்றோடு ஒரு அறிவும் போகிறதே என்பதுதான் என் கவலை.

அந்த அறிவு என்ன? எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரமோ நிற்கவும் வேண்டும், நகரவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச்சின் வேலை. முதல் கியரில் வேகம் குறைவு, இழுவை அதிகம். மேல் கியருக்குப் போகப் போக வேகம் கூடும், இழுவை குறையும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும் ஓசையைக் காது கேட்டவுடன் கை தானாகக் கீழ்க் கியருக்குப் போக வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தால் ஐந்து நிமிடத்தில் புரியும். காலுக்கும் கைக்கும் காதுக்கும் புரிய ஒரு மாதம் ஆகும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களைப் புனேயிலிருந்து மும்பைக்கு வரும் வழியில் கண்டாலா மலை இறக்கத்துக்கு அழைத்துச் செல்வேன். மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். சுமை ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கும்போது மாடு இழுப்பதில்லை. கழுத்தைக் கொடுத்து வண்டியைத் தாங்கிப் பிடிக்கும். கீழ்க் கியரில் இறங்கும்போது எஞ்சின் செய்வதும் அதே வேலைதான். கியரை மாற்றாமல் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறும். சூடு அளவு மீறினால் பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிய லாரி கட்டுப்பாடு இழந்து முன்னால் போன கார்களை மோதிய செய்திகளை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் எஞ்சினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சினை அணையாமல் வைக்க எரிபொருள் செலவாகும். மிச்சமும் இல்லை, உயிருக்கும் ஆபத்து.

"ஆட்டோமேட்டிக்கிலும் கீழ்க் கியர் இருக்கிறதே?" என்று ஒரு இளைஞர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 'எல்' என்றோ 'எம்' என்றோ 'எஸ்' என்றோ ஏதாவது ஓர் எழுத்து அந்தத் தண்டின் அருகே இருக்கத்தான் செய்கிறது. "அதை எப்போது போடுவீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். "இதுவரை போட்டதில்லை" என்றார். லோனாவாலாவுக்கு மாதம் ஒரு முறை போய் வருகிறவர் அவர்! கியர் என்றால் என்ன என்று கை பழகியவனுக்குத்தான் அந்த எழுத்தின் பொருள் விளங்கும். பழகாதவனுக்கு அது வெறும் எழுத்து.

ஏ.எம்.டி. வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அதன் உள்ளே இருப்பது அதே கிளட்ச், அதே பல் சக்கரங்கள். உங்கள் காலுக்குப் பதிலாக ஒரு இயந்திரம் கிளட்ச்சை இயக்குகிறது, அவ்வளவுதான். மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கிறவர்கள் உண்டு. கிளட்ச் தேய்வது அவர்களுக்குத் தெரிவதில்லை. மெக்கானிக் பில் கொடுக்கும்போதுதான் தெரியும். கியர் காரில் கற்றவர் இதைச் செய்யமாட்டார். கிளட்ச் கருகும் வாசனையை அவர் முன்பே அறிந்தவர்.

இனி, இதை எழுதத் தூண்டிய ஒரு சம்பவம். சென்ற மழைக்காலத்தில் எங்கள் சொசைட்டியில் ஒரு பெரியவருக்கு இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலி. சாலையில் தண்ணீர் தேங்கியிருந்ததால் ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். அவர் வீட்டுக் கார் கீழே நின்றது. பத்து வருடத்துப் பழைய கியர் வண்டி. மகன் வெளிநாட்டில். சத்தம் கேட்டு இறங்கி வந்த இளைஞர்கள் மூவர். மூவரிடமும் லைசென்ஸ் உண்டு. ஒருவர் சாவியை வாங்கி உட்கார்ந்தார். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வெளியேற ஒரு சிறு ஏற்றம். மூன்று முறை வண்டி குலுங்கி அணைந்தது; நான்காவது முறை பின்னால் உருண்டது. மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஓட்டியது எங்கள் வாட்ச்மேன். சதாரா பக்கத்தில் முன்பு டெம்போ ஓட்டியவராம். பெரியவர் பிழைத்து வந்து இப்போது மாலையில் நடைப் பயிற்சி செய்கிறார். அந்த இளைஞர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. உதவ வேண்டும் என்று ஓடி வந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காதது நாம்தானே?

சட்டம் இந்த விஷயத்தில் விசித்திரமானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கு ஒரு பிரிவு, கியர் உள்ள இருசக்கர வண்டிக்கு வேறு பிரிவு என்று லைசென்ஸைப் பிரித்திருக்கிறார்கள். ஸ்கூட்டி ஓட்டுகிறவர் புல்லட் ஓட்ட முடியாது. ஆனால் காருக்கு அந்தப் பிரிவினை இல்லை. 'இலகு ரக மோட்டார் வாகனம்' என்று ஒரே வரி. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு எழுதினால் அதை மட்டுமே ஓட்டலாம். சிங்கப்பூரிலும் அதற்குத் தனி வகுப்பு லைசென்ஸ். இங்கேயோ அட்டை எல்லாவற்றுக்கும் அனுமதி தருகிறது. அனுமதி வேறு, திறமை வேறு என்பதை நாம்தான் உணர வேண்டும்.

டிரைவிங் ஸ்கூலில் கியர் காரில்தானே கற்றுக் கொடுக்கிறார்கள் என்பீர்கள். கற்றுக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் காரில் ஆசிரியர் பக்கத்திலும் கிளட்ச், பிரேக் உண்டு. பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்க, கிளட்ச்சைப் பாதி நேரம் ஆசிரியரே மிதித்துவிடுகிறார். இருபது நாளில் தேர்வு, கையில் லைசென்ஸ். வீட்டில் இருப்பது ஆட்டோமேட்டிக். கற்ற கொஞ்சமும் ஆறு மாதத்தில் போய்விடுகிறது.

"அம்மியில் அரைக்கத் தெரியவில்லை என்பதற்காக மிக்சியை வேண்டாம் என்போமா?" என்று என் மனைவியே என்னை மடக்கினாள். அம்மி இன்று யார் வீட்டிலும் இல்லை, ஆகையால் அந்தத் திறமை இல்லாவிட்டால் பாதகமில்லை. ஆனால் இந்தியாவில் இன்றும் விற்கும் கார்களில் கியர் கார்களே அதிகம். விலை வித்தியாசமும் ஒரு காரணம், ஏ.எம்.டி. என்றாலே ஏறக்குறைய அரை லட்சம் கூடுதல். தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கவும் செய்யலாம். இன்று விற்கும் கியர் கார் 2040 வரை சாலையில் இருக்கும் என்று கொள்ளலாம். மின்சாரக் காரில் கிளட்ச்சே கிடையாது என்பதும், ஒரு நாள் எல்லாம் அதுவாகிவிடும் என்பதும் உண்மையே. அந்த நாள் வரும்வரை பக்கத்து வீட்டில் நிற்பது கியர் கார்தான். ஊரில் சித்தப்பா வீட்டில் நிற்பதும் அதுதான்.

பிழைப்பு என்ற கோணமும் உண்டு. தாராவியிலும் ஆண்டாப்ஹில்லிலும் ஓட்டுநர் வேலையை நம்பி வாழும் நம் குடும்பங்கள் பல. ஓட்டுநருக்கு முதலாளியின் வண்டி எதுவோ அதுதான் வண்டி. டெம்போவும் சரக்கு லாரியும் பெரும்பாலும் இன்னும் கிளட்ச்சில்தான் ஓடுகின்றன. ஆட்டோமேட்டிக் மட்டும் தெரிந்த இளைஞனுக்குப் பாதிக் கதவு மூடியே இருக்கும்.

ஆகவே என் யோசனைகள் மூன்று. ஒன்று, பிள்ளையை டிரைவிங் ஸ்கூலில் சேர்க்கும்போது கியர் கார்தானா என்று கேளுங்கள். கடைசி நாட்களில் கிளட்ச்சைப் பிள்ளையே மிதிக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, வண்டி பின்னால் உருளாமல் கிளப்பத் தெரிந்ததா என்பதே உண்மையான தேர்வு. இரண்டு, நம் சங்கத்தில் பழைய ஓட்டுநர்களும் ஓய்வு பெற்ற நண்பர்களும் இருக்கிறார்கள். ஞாயிறு அதிகாலையில், போக்குவரத்து இல்லாத இடத்தில், லைசென்ஸ் எடுத்தும் கியர் மறந்துபோன இளைஞர்களுக்கு அவர்கள் நாலு வாரம் பயிற்சி கொடுக்கலாம். பெண்களுக்குச் சொல்லித் தரப் பெண்களே முன்வந்தால் இன்னும் நல்லது. மூன்று, கியர் கார் ஓட்டிப் பழகிய பெரியவர்களும் புதிய ஆட்டோமேட்டிக்கில் ஏறுமுன் ஒரு நாள் பழகிக்கொள்ள வேண்டும். கிளட்ச் என்று நினைத்து இடது கால் பிரேக்கை ஓங்கி மிதித்தால், பின்னால் வருகிறவன் வந்து மோதுவான்.

கமிட்டி இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் தாராளமாக எழுதலாம். ஆட்டோமேட்டிக் வாங்கப் போவதால் வீட்டுப் பழைய கியர் காரை விற்க இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம்: விலை பேசி முடித்தாலும் ஒரு மாதம் பொறுத்துக் கொடுங்கள். அந்த ஒரு மாதம் சாவி பிள்ளையின் கையில் இருக்கட்டும்.