தெரியும், தெரிஞ்சது: ஒரு ஸ்பானிஷ் வினைச்சொல்லும் நம்ம இங்கிலீஷ் வகுப்பும்



இந்தத் தடவை கருத்துப் பகுதியில் நான் எழுதப் போறது ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி. அதுவும் ஸ்பானிஷ் மொழிச் சொல். "நமக்கு இங்கிலீஷே தகராறு, இதுல ஸ்பானிஷ் எதுக்கு?" என்று நகர்ந்து போயிடாதீங்க. நான் சொல்ல வர்றது நம்ம இங்கிலீஷ் வகுப்புக்கும் சேர்த்துத்தான்.

எங்க மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். சிலி, பெரு பக்கமெல்லாம் போவார். அங்கே பேசுவது ஸ்பானிஷ். மொத்தம் 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. மாமா வாங்கிவந்த பழைய ஸ்பானிஷ் இலக்கணப் புத்தகம் இப்போ என்கிட்ட இருக்கு. இங்கிலீஷ் வழியாகச் சொல்லித் தருகிற புத்தகம். அதில் 'ஸபேர்' என்ற சொல்கிட்ட வந்ததும் ரெண்டு வாரம் அங்கேயே உட்கார்ந்துட்டேன்.

ஸபேர் என்றால் தெரிதல், அறிதல். நடுவில் வரும் 'ப'வை நம்ம 'கோபம்' என்ற சொல்லில் வருவது போலச் சொல்லணும், உதடு முழுசா ஒட்டக் கூடாது. 'எனக்குத் தெரியும்' என்பதற்கு ஸே. 'உனக்குத் தெரியும்' என்பதற்கு ஸாபெஸ். இதுவரைக்கும் சுலபம். இறந்தகாலத்துக்கு வந்தால் ரெண்டு வடிவம் நிற்குது: ஸபீயா, ஸூபே. புத்தகத்தில் ரெண்டுக்கும் 'ஐ நியூ' என்றே போட்டிருக்கு. கீழே பொடி எழுத்தில், 'ஸூபே என்று வந்தால் பொருள் மாறிவிடும், மனப்பாடம் செய்துகொள்க' என்று ஒரு குறிப்பு.

மனப்பாடமே தேவையில்லை என்பதுதான் என் கருத்து. மழைக்கு லீவு விட்ட ஒரு நாளை நினைச்சுப் பாருங்க. "லீவுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டால் ஒருத்தி, "எனக்குக் காலையிலேயே தெரியும்" என்பாள். இன்னொருத்தி, "கேட் பூட்டியிருந்ததைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சது" என்பாள். முதல் ஆளுக்கு விஷயம் ஏற்கெனவே மனசுக்குள்ள இருந்தது. அது ஸபீயா. ரெண்டாவது ஆளுக்கு அந்த நிமிஷத்தில்தான் வந்து சேர்ந்தது. அது ஸூபே. அவ்வளவுதான். ரெண்டு வயசுக் குழந்தைக்குப் பக்கத்தில் நின்று பேசும் நம்ம பாட்டிக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும், இலக்கணம்னு பேர் மட்டும் வைக்கலை. பொருள் எங்கேயும் மாறவும் இல்லை. 'ஐ நியூ' என்ற ஒரே பைக்குள் ரெண்டையும் திணிச்சதால்தான் மாறின மாதிரி தெரியுது. (இங்கிலீஷிலும் 'ஃபௌண்ட் அவுட்' என்று சொல்லலாம். ஆனா அது வேற சொல்லாகப் போயிடுது.)

நம்ம 'தெரி' என்ற சொல்லையே பாருங்க. மலை தெரியுது, பஸ் தெரியுது என்கிறோம். கண்ணுக்குப் படுவதும் அறிவுக்குப் படுவதும் நமக்கு ஒரே சொல். அதனால்தான் 'தெரிந்தது' என்றதும் ஏதோ ஒன்று புதுசா முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கு. ஸ்பானிஷ்காரர்களுக்கு அறிவு கண் வழியா வரலை, நாக்கு வழியா வந்திருக்கு. ஸபேர் என்றால் ருசித்தல் என்றும் பொருள் உண்டு. சூப்பில் பூண்டு வாசம் தூக்கலாக இருந்தால் 'ஸாபெ அ ஆஹோ' என்பார்கள். இதுக்கு வேர் லத்தீன் மொழியில் இருக்கு. அங்கேயும் ருசிப்பதற்கும் அறிவோடு இருப்பதற்கும் ஒரே சொல்தான். அறிவியல் பாடத்தில் வரும் ஹோமோ சேப்பியன்ஸ் ஞாபகம் இருக்கா? 1758-ல் லின்னேயஸ் வைத்த பேர். அந்த 'சேப்பியன்ஸ்' இந்த ஸபேருக்குச் சொந்தக்காரன். இதைப் படிச்ச அன்னிக்கு ரசம் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிக்கிட்டேன்.

மற்ற சொற்களுக்கும் இதே வழி சரிவருதான்னு போட்டுப் பார்த்தேன். விரும்புதல் என்ற பொருளில் 'கெரேர்' என்று ஒரு சொல். 'நோ கெரீயா' என்றால் எனக்கு விருப்பமில்லாமல் இருந்தது. 'நோ கீஸே' என்றால் மாட்டேன்னுட்டேன். 'நீந்தத் தெரியும்' என்பதற்கு 'ஸே நதார்'. இங்கிலீஷில் இதைச் சொல்ல 'ஹௌ டு' என்று நடுவில் ரெண்டு சொல் வேணும். ஸ்பானிஷுக்கும் தமிழுக்கும் வேண்டாம்.

எல்லா இடத்திலும் தமிழ் கை கொடுக்கும்னு சொல்ல மாட்டேன். ஒரு ஆளைத் தெரியும் என்பதற்கு அவர்கள் ஸபேர் போட மாட்டார்கள், அதுக்கு 'கொனொஸேர்' என்று தனிச் சொல். நமக்குப் பாட்டும் தெரியும், பக்கத்து வீட்டு அக்காவையும் தெரியும். இன்னொன்று, 'எனக்கு எப்பவுமே தெரியும்' என்று அழுத்திச் சொல்லும்போது அவர்கள் ஸூபேவையும் போடுவது உண்டு. அங்கே நம்ம 'தெரிஞ்சது' ஒட்டாது. இந்த மாதிரி இடத்தை மட்டும் தனியாகக் குறிச்சு வெச்சுப் படிச்சால் போதும்.

1847-ல் சிலி நாட்டில் ஆந்த்ரேஸ் பெய்யோ என்பவர் ஒரு ஸ்பானிஷ் இலக்கணம் வெளியிட்டார். பிறந்தது வெனிசுலா. அந்தக் காலத்தில் ஸ்பானிஷ் இலக்கணத்தை லத்தீன் அச்சில் போட்டுப் பிழிவது வழக்கம். அது கூடாது, நம்ம மொழியை அதன் நடையிலேயே பார்க்கணும் என்றார் அவர். ஸபீயா மாதிரி வடிவத்துக்கு அவர் வைத்த பேரைத் தமிழில் 'உடன் இறந்தகாலம்' என்று சொல்லலாம். இன்னொன்று நடந்தபோது இதுவும் கூடவே இருந்தது என்று பேரிலேயே அர்த்தம் வந்துடுது. எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

இப்போ நம்ம வகுப்புக்கு வர்றேன். இங்கிலீஷ் பீரியடில் தமிழ் பேசக் கூடாது என்று விதி இருக்கு. பேசிப் பழகணும் என்பதற்காக வைத்தது, அந்த எண்ணம் நல்லதுதான். தமிழை விட்டால் எல்லோரும் தமிழிலேயே இருந்துடுவோம் என்று டீச்சர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கு. ஆனா, டீச்சர், சந்தேகத்தையும் இங்கிலீஷில்தான் கேட்கணும் என்றால் நாங்க சந்தேகமே கேட்க மாட்டோம். கேட்காமல்தான் இருக்கோம். பின் பெஞ்சில் நாலு பேர் ஆறாம் வகுப்பிலிருந்து 'ஹேட் கான்', 'ஹேஸ் கான்' ரெண்டையும் அட்டவணையாக எழுதி எழுதிக் கை வலிச்சுப் போயிருக்காங்க. 'போயிருந்தாள்', 'போயிருக்காள்' என்று ரெண்டு வாக்கியம் பக்கத்தில் எழுதிப் போட்டால் அஞ்சு நிமிஷ வேலை.

நான் கேட்பது பீரியடின் கடைசிப் பத்து நிமிஷம். அந்த நேரத்தில் தமிழில் கேள்வி கேட்க அனுமதி வேணும். நோட்டில் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சொல்லைப் பொருளாக எழுதாமல், நம்ம வீட்டில் பேசுகிற ஒரு முழு வாக்கியத்தை எழுத விடணும். அரைப் பரீட்சை வரைக்கும் ஒன்பதாம் வகுப்பில் மட்டும் செய்து பார்க்கலாம்.

இந்தத் தாளின் அடியில் இடம் விட்டிருக்கேன். 'குட்' என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு உங்க வீட்டில் எத்தனை விதமாகச் சொல்வீங்க? தூக்க முடிஞ்சது, தூக்க முடியும், தூக்கியிருக்கலாம்... மீதியைப் பென்சிலில் எழுதிட்டுப் போங்க. மறுத்து எழுதுறவங்களும் எழுதலாம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி