பிரயாணத்துக்கு ஏற்ற பாசிமணி மாலை

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் காலம் நெருங்கிவிட்டது. பயண நாளுக்கு 60 நாட்கள் முன்னதாகவே ரயில் முன்பதிவு தொடங்கிவிடுகிறதாகையால், டில்லித் தமிழ்க் குடும்பங்களில் பலர் இந்நேரம் சீட்டு எடுத்து முடித்திருப்பர். சீட்டு கைக்கு வந்ததும் வீடுகளில் எழும் அடுத்த பேச்சு நகையைப் பற்றியது. ஊரில் கல்யாணம் இருக்கும், கிரகப்பிரவேசம் இருக்கும். வெறுங்கழுத்தோடு போய் இறங்கினால், "வடக்கே போய் என்ன சம்பாதித்தார்கள்?" என்று நான்கு பேர் கேட்பார்களே என்னும் அச்சம் இருக்கும். ஆகவே வீட்டிலுள்ள பொன் அனைத்தையும் கழுத்திலே பூட்டிக்கொண்டு முப்பது மணி நேரத்துக்கு மேல் வண்டியில் அமர்ந்து செல்கின்றனர் நம் சகோதரிகள்.

ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இதைக் காணும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. வண்டி நிலையத்தை விட்டு மெல்ல நகரும் நேரமும், கைகாட்டிக்காக ஊருக்கு வெளியே காத்து நிற்கும் நேரமும் சங்கிலி பறிப்போருக்கு உகந்த நேரங்கள். திறந்த சன்னலருகே கண்ணயர்ந்திருப்பவரின் கழுத்தை நாடி வெளியிலிருந்து கை நீளும். அப்படிக் களவு போன பொருளுக்கு ரயில்வே ஈடு தருமோ எனில், பயணி தம் கையோடு எடுத்துச் செல்லும் உடைமைக்கு, ஊழியரின் கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டாலன்றி நிர்வாகம் பொறுப்பாகாது என்று 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100 ஆவது பிரிவு கூறுகிறது. 139 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் உடனே தெரிவிக்கலாம், தெரிவிக்கவும் வேண்டும். ஆயினும் போன பொன் திரும்புவது அரிது.

எனவே, பொன்னைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்து அணிந்து, அதற்கு மேல் எடுப்பான பாசிமணி மாலை ஒன்றைப் பூண்டு புறப்படலாமே என்பது நம் யோசனை. அம்மாலையை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையை இம்மாதம் எழுதுகிறோம். (மாலை கோப்பது ஆடவருக்கு ஏற்ற வேலையா என்று அலுவலக நண்பர்கள் நகைத்தனர். நம் ஊர்க் கோயில் வாசல்களில் பூத்தொடுப்போரை அவர்கள் பார்த்ததில்லை போலும்.)

பாசிமணி என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு சொல். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். கண்ணாடி மணிகள் செய்து கடல் கடந்தும் அனுப்பிய பட்டினம் அது. இன்று நம் பக்கத்திலேயே, உத்தரப்பிரதேசத்தில் பிரோசாபாத், புர்தில்நகர், வாரணாசி ஆகிய ஊர்களில் கண்ணாடி மணித் தொழில் நடைபெறுகிறது. சதர் பஜாரில் அம்மணிகளைச் சரமாகவும் எடைக்கும் வாங்கலாம். கடையில் வெறுமனே "மோதி" என்று கேட்டால் பிளாஸ்டிக் முத்தை எடுத்துப் போடுவர். "காஞ்ச் கே மோதி" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். கன்னத்தில் வைத்தால் கண்ணாடி குளிரும், பிளாஸ்டிக் குளிராது. சாயம் பூசிய மணியாயின், ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தே வாங்குக. இல்லையேல் ஆக்ரா தாண்டுமுன் வியர்வையில் கழுத்துப் பட்டை நீலமாகிவிடும். மணியின் துளை விளிம்பையும் விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். கூரிய விளிம்பு நாளடைவில் நூலை அறுத்துவிடும்.

நாம் வீட்டில் கோத்த மாலையின் கணக்கு இது. நடுவில் 16 மில்லிமீட்டர் மணி ஒன்று. அதன் இருபுறமும் பக்கத்துக்கு 12 மில்லிமீட்டர் மணிகள் 5, அடுத்து 10 மில்லிமீட்டர் மணிகள் 6, அடுத்து 8 மில்லிமீட்டர் மணிகள் 8, பிடரிப் பக்கத்தில் 6 மில்லிமீட்டர் மணிகள் 7. ஆக 53 மணிகள். முடிச்சும் கொக்கியும் சேர்ந்து ஏறத்தாழ 20 அங்குல நீளம் வரும். முன்புறம் பெருத்துப் பின்புறம் சிறுத்து வருவதால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும், பிடரியிலும் உறுத்தாது. செலவு நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது. எடை ஏறத்தாழ 60 கிராம், அதாவது ஏழு பவுனுக்குச் சற்று மிகும்! இப்பாரம் வேண்டாதவர்கள் பெரிய மணிகளை மட்டும் மரமணியாக வைத்துக்கொள்ளலாம். நிறம் அவரவர் விருப்பம். நம் கண்ணுக்குக் கரும்பச்சையும் இடையிடையே செம்பழுப்பும் அழகாகத் தோன்றின. ஏழெட்டு நிறங்களைக் கலந்தால் திருவிழாக் கடைச் சரக்கைப் போலாகிவிடுகிறது.

மணிகளை அடுக்குவதற்கு ஒரு தட்டில் பழைய துவாலையை விரித்துக்கொள்க. வெறுந்தரையில் வைத்தால் உருண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடும். மெல்லிய நைலான் நூலில் மூன்று கெஜம் எடுத்து, இரண்டாக மடித்து, நுனியில் நகச்சாயம் தடவி உலர்த்தினால் அந்நுனியே ஊசியாகும். தூண்டில் நரம்பு வேண்டாம். அது விறைத்து நிற்கும், முடிச்சும் நழுவும். முன்புறத்துப் பெரிய மணிகள் 23க்கும் ஒவ்வொரு மணிக்குப் பின்னும் ஒரு முடிச்சிட வேண்டும். முடிச்சை இறுக்குமுன் அதன் கண்ணில் தையலூசியை நுழைத்து, மணியை ஒட்டும் வரை தள்ளிக்கொண்டுபோய், பிறகு ஊசியை உருவி இறுக்குக. சிறு மணிகளுக்கு மூன்றுக்கு ஒரு முடிச்சு போதும். துளை பெரிதாயிருந்து முடிச்சு உள்ளே ஓடினால், இரு மணிகளுக்கு இடையே கடுகளவுப் பாசி ஒன்றைச் சேர்க்கலாம். முதல் ஐந்தாறு முடிச்சுகள் கோணலாகவே விழும். பிறகு கை பழகிவிடும்; ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் மாலை முடிந்துவிடும்.

இம்முடிச்சுகளின் பயன், நூல் எங்கேனும் அறுந்தாலும் ஓரிரு மணிகளே விழும், மாலை முழுவதும் பெட்டியெங்கும் சிதறாது என்பதுதான்.

கொக்கியை இணைக்குமிடத்தில் மட்டும் நாம் நேர்மாறான முறையைச் சொல்கிறோம். அவ்விடம் வலுவற்றதாகவே இருக்க வேண்டும். இருட்டில் பறிக்க வருபவனுக்குப் பொன் எது, பாசி எது என்று தெரியாது. நைலானைக் கொக்கியோடு நேராகப் பிணைத்திருந்தால், அவன் இழுக்கும் இழுப்பில் நூல் அறாமல் கழுத்தை அறுக்கும். நமக்குத் தெரிந்த அம்மையார் ஒருவருக்குச் சாதாரணக் கறுப்புக் கயிற்றாலேயே அவ்விதம் நேர்ந்து, கழுத்தைச் சுற்றிய தழும்பு ஆறப் பல வாரங்களாயின. ஆதலால், நைலானை ஒரு சிறு வளையத்தில் முடித்து நிறுத்துக. அவ்வளையத்தையும் கொக்கியையும் சாதாரணப் பருத்தித் தையல் நூலை ஒரே சுற்றுச் சுற்றி முடிந்து இணைத்துவிடுக. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை மெல்லத் தொங்கவிட்டால் அந்நூல் தாங்க வேண்டும். கையால் வெடுக்கென்று இழுத்தால் அறுந்து வர வேண்டும். இரண்டையும் சோதித்துப் பார்த்து, பிறகு புது நூலால் கட்டிக்கொள்க. வியர்வை பட்டால் பருத்தி இற்றுப்போகும். ஒவ்வொரு பிரயாணத்துக்கு முன்பும் மாற்றிவிட வேண்டும்.

இனி, கல்யாண வீட்டுப் பேச்சு. "பாசியா போட்டுக்கொண்டு வந்தாய்?" என்று பெரியம்மாவோ நாத்தனாரோ கேட்கத்தான் செய்வர். நாம் சென்ற முறை ஊர் சென்றபோது நம் இல்லத்தாரையும் அவ்வாறு கேட்டனர். "நானே கோத்தது, அக்கா" என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்தார். மாலை கைக்குக் கை மாறிப் பந்தி முடியும்வரை திரும்பி வரவில்லை. மறுநாள் காலையில் மூவர் முடிச்சுப் போடும் முறையைக் கேட்டு வந்து அமர்ந்தனர். எல்லா வீட்டிலும் இவ்விதமே நடக்கும் என்று நாம் உறுதி கூற மாட்டோம். சில வீடுகளில் ஏளனமும் இருக்கும். ஆனால் அந்த ஏளனத்துக்காக வட்டிக்கடையில் மீட்ட சங்கிலியை ரயில் சன்னலோரம் பணயம் வைப்பது தகுமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கட்டும்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் மணிகளைக் கண்ட இடத்தில் வைக்கலாகாது. தாயின் கழுத்து மாலையைக் குழந்தை வாயில் வைத்துக் கடிக்கும் பருவமாயின், இவ்வேலையை இரண்டு ஆண்டுகள் ஒத்திப்போடுவதே நன்று. கடையில் ஒவ்வோர் அளவிலும் இரண்டு மணிகள் கூடுதலாக வாங்கித் தீப்பெட்டி ஒன்றில் போட்டு வையுங்கள். அடுத்த முறை அதே கடைக்குப் போனாலும் அதே பச்சை கிடைப்பதில்லை.